புதிய பெயரும் பழைய விலாசமும்

தோற்றுவாய்

இரணியலிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய நிலப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பார்ப்போர், அதன்கண் இரண்டு எண்கள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். ஒன்று பழைய சர்வே எண். மற்றொன்று மறுசர்வே எண். நிலம் அதுவே; வரப்பும் அதுவே; வரப்பின்மேல் நிற்கும் தென்னையும் அதுவே. எண் மாத்திரமே மாறிற்று. ஆயினும், அவ்விரண்டு எண்களையும் இணைத்துக் காட்டும் ஒப்புப் பதிவேடு ஒன்று இல்லாதிருக்குமாயின், பாட்டனார் வாங்கிய நிலத்தைப் பேரன் தன்னதென்று நிலைநாட்டுதல் அரிதாய் முடியும்.

நம் வட்டத்தின் பெயரும் இதற்கு ஒரு சான்று. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் 18ஆம் நூற்றாண்டில் கல்குளத்துக் கோட்டைக்குப் பத்மநாபபுரம் என்று புதுப்பெயர் சூட்டினார். பின்னர் 1795ஆம் ஆண்டில் அரசிருக்கை அங்கிருந்து திருவனந்தபுரத்திற்குப் பெயர்ந்தது. கோட்டைக்குப் பெயர் மாறிற்று. தலைநகருக்கு இடம் மாறிற்று. எனினும் வட்டம் இன்றளவும் கல்குளம் வட்டமே. குடிகளின் கடிதங்களிலும் பத்திரங்களிலும் ஊன்றி நின்ற பெயர் அத்துணை எளிதில் பெயர்வதன்று.

பெயர் மாறுதலும் இடம் பெயர்தலும் உலகத்தியல்பு; அவற்றை விலக்குவார் எவருமிலர். பழைய பெயரையே நம்பித் தேடி வருவோன் வாயிலில் வழியறியாது திகைத்து நிற்குமாறு விடுதலே குற்றமாவது. இவ்வுண்மை இக்காலத்து இணையத்தளங்கட்கும் பொருந்தும். பெரியதொரு தர்ம ஸ்தாபனம் தன் பெயரை மாற்றிக் கொள்ளுங்கால், அதன் இணையத்தளத்தை எங்ஙனம் புதுக்கிப் புதிய இடத்திற்குக் கொண்டு செல்லல் வேண்டும் என்பதை ஈண்டு ஒரு பாடமாக ஆராய்வாம். நம் மாணவரிற் பலர் கல்லூரியை விட்டுச் சென்றபின் தத்தம் ஊர்ச் சங்கங்கட்கும் பள்ளிகட்கும் இப்பணியைச் செய்து தருமாறு கேட்கப்படுவர். ஆகலின் இஃது அவர் அறிந்திருக்க வேண்டிய விஷயமாம்.

மூவகை மாற்றம்

இணையத்தளம் ஒன்றிற்கு நான்கு உறுப்புகள் உள. முதலாவது அதன் விலாசம். இதனைக் களப்பெயர் என்பர். இரண்டாவது, அவ்விலாசம் எந்தக் கணினியைக் குறிக்கின்றது என்று வினவுவார்க்கு விடை கூறும் பெயரேடு. மூன்றாவது, பக்கங்களைத் தாங்கி நிற்கும் சேவைக் கணினி. நான்காவது, அக்கணினியுள் வைக்கப்பட்டுள்ள எழுத்தும் படமும் தரவுகளும். உறையின்மேல் எழுதும் முகவரி, அஞ்சற்காரர் அறிந்து வைத்துள்ள வழி, வீடு, வீட்டினுள் இருக்கும் பண்டங்கள் என்னும் நான்கினோடும் இவற்றை முறையே ஒப்பிட்டுக் கொள்க.

ஸ்தாபனம் பெயர் மாறும்பொழுது மூன்று வேலைகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. பெயரும் சின்னமும் நிறமும், பெரும்பாலும் விலாசமும் மாறுதல் பெயர் மாற்றம். பக்கங்களின் அமைப்பும் வரிசையும் மாறுதல் தோற்ற மாற்றம். பழைய மென்பொருளினின்று புதியதற்கும், பழைய கணினியினின்று புதியதற்கும் பண்டங்களைக் கொண்டு செல்லல் இடமாற்றம். காண்பார் கண்ணுக்கு இவை மூன்றும் ஒன்றே போலத் தோன்றும். செய்வார்க்கோ இவை வெவ்வேறு தொழில்கள். மூன்றையும் ஒரே இரவில் முடிப்போர், மறுநாட் காலையில் ஒரு பக்கம் தோன்றாதொழியின், அஃது எதனால் நேர்ந்த பிழை என்று கண்டறிய மாட்டார். ஆகவே, காலம் இடங்கொடுக்குமாயின், பழைய கோலத்தோடேயே முதலில் இடம் மாற்றி, பின்னர்க் கோலத்தைத் திருத்தி, இறுதியிற் பெயரை மாற்றுதல் நலம்.

பெயர் மாறுதற்குக் காரணம்

பெயர் மாற்றம் வீண் ஆடம்பரம் என்று கருதுவோர் உளர். அஃது எப்பொழுதும் உண்மையன்று. நம் நாஞ்சில் நாட்டில் நன்கறியப்பட்ட லண்டன் மிஷனரிச் சங்கம் 1795இல் தோன்றியபொழுது வெறுமனே ‘மிஷனரிச் சங்கம்’ என்றே வழங்கிற்று. 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது அப்பெயரின் கீழேயாம். 1818இல் ‘லண்டன்’ என்னும் அடைமொழி சேர்ந்தது. இரணியலுக்கு அண்மையிலுள்ள நெய்யூரில் 1838இல் டாக்டர் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கிய காலத்து வழங்கியது இப்பெயரே. 1966இல் அச்சங்கம் மற்றொரு சங்கத்தோடு இணைந்து வேறு பெயர் பூண்டது. 1977இல் உலக மிஷன் கவுன்சில் ஆயிற்று. 2012இல் அதன் தலைமையிடமே சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. ஒரு நகரினின்று பிற நாடுகட்கு ஆட்களை அனுப்பிய சங்கம், பல நாட்டுத் திருச்சபைகள் சமமாய் அமரும் அவையாக மாறியபின், பழைய பெயர் அதற்குப் பொருந்தாதாயிற்று.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அச்சங்கத்தின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் 1973இல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கீழ்த்திசை ஆப்பிரிக்கக் கல்விக்கூடத்து நூலகத்தில் ஒப்புவிக்கப்பட்டன. அவற்றின் அடுக்குக் குறியீட்டில் இன்று புதிய பெயரின் முதலெழுத்துகளும், அவற்றை அடுத்துப் பழைய பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்தே நிற்கின்றன. இரு பெயருள் எதனை அறிந்து வருவோனும் ஒரே பெட்டியைச் சென்றடைவான். பத்திரத்தில் இரண்டு சர்வே எண்களையும் எழுதிய நம் முன்னோர் செயலும் இதுவேயன்றோ?

மற்றோர் உதாரணம் சற்றே கடினமானது. மூளை முடக்குவாதத்தால் வருந்துவோர்க்கென 1952இல் பிரிட்டனில் தோன்றிய சங்கம் ஒன்று, அந்நோயைக் குறிக்கும் ‘ஸ்பாஸ்டிக்’ என்னும் சொல்லைத் தன் பெயரிற் கொண்டிருந்தது. நாளடைவில் அச்சொல் தெருச் சிறுவர் வாயில் வசைமொழியாயிற்று. ஆகவே 1994இல் அச்சங்கம் ‘ஸ்கோப்’ என்னும் புதுப்பெயர் பூண்டது. இத்தகைய இடத்தே பழைய பெயரைப் பலகையில் வைத்தல் தகாது. அது நோயுற்றோரை நோகச் செய்யும். எனினும், மகவின் நோயைப் பழைய சொல்லாலன்றி அறியாத தாய் ஒருத்தி அப்பெயரையே கூறித் தேடி வருதல் கூடும். பலகையினின்று பெயரை எடுத்துவிடலாம்; அப்பெயர் சொல்லி வருவோர்க்குக் கதவை அடைத்தலாகாது. இவ்விரண்டு கடமைகளையும் ஒருங்கே நிறைவேற்றுதலே இத்தொழிலின் நுட்பம்.

தமிழ்த் தளங்கள் இரண்டு

இனி, நம் மொழிக்கென அமைந்த தளங்களை நோக்குவாம். சென்னையில் 1999இல் கூடிய தமிழ்இணைய மாநாட்டின் பயனாகத் தோன்றி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பெற்றது தமிழ் இணையப் பல்கலைக்கழகம். பின்னாளில் அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம் என மாற்றப்பட்டது. ஆயின் அதன் விலாசமாகிய ‘தமிழ்வியு’ என்பது மாற்றப்படவில்லை. இறுதியிலுள்ள ‘வியு’ என்பன பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். பல்கலைக்கழகம் என்னும் சொல் பலகையினின்று நீங்கிய பின்னும் விலாசத்தில் அது தங்கிற்று. அழகு கருதுவோர் இதனைக் குறையென்பர். பாடங்களையும் அகராதிகளையும் அவ்விலாசத்தால் அறிந்து பழகிய உலகத் தமிழ் மாணவர்க்கு இது பெருந்துணை என்பது எம் கருத்து.

மதுரைத் திட்டம் என்பது மற்றொன்று. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், முனைவர் கலியாணசுந்தரம், முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் என்னும் இருவர் முயற்சியால், ஊதியம் கருதாத அன்பர் பலர் கூடித் தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாய் வழங்கத் தொடங்கினர். அவர்கள் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் கொடுத்தனர். திருக்குறள் முதலாம் எண் பெற்றது. தளத்தின் இருப்பிடம் மாறிற்று. எழுத்தைக் குறிக்கும் முறையும் மாறிற்று. நூலின் எண் மாத்திரம் மாறவில்லை. ஆதலின் ஒரு நூலை எண்ணால் அறிந்தவன் எக்காலத்தும் அதனைக் கண்டெடுக்கலாம்.

எழுத்து முறையின் மாற்றம் தமிழ்த் தளங்கட்கே உரிய தனித் துன்பமாதலின், அதனைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். முற்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், ஐரோப்பிய எழுத்துகட்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி வைத்திருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கம் பொருளற்ற குறிகளின் கூட்டமாய்த் தோன்றும். 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. பழைய பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றுதல் எளிதென்று நினையற்க. பழைய முறைகளில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தோன்றுமாறு கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாய் எழுதப்பட்டது. ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக இரண்டே குறிகளாய் நிற்கும். வரிசையைத் திருத்தாது மாற்றினால் கொம்பு முந்திய எழுத்தின்மேல் ஏறிவிடும். அன்றியும், ஔகாரக் குறியும் ளகரமும் வடிவில் ஒத்திருத்தலின், ‘கௌரவம்’ என்னுஞ் சொல்லைக் கொம்பும் ககரமும் ளகரமுமாகத் தட்டி வைத்தோர் பலர். கண்ணுக்கு அது சரியாகவே தோன்றும். தேடுபொறிக்கோ அது வேறு சொல். பக்கம் இருந்தும் தேடுவார்க்கு அகப்படாது. ஆகவே, மாற்றிய பக்கங்களுட் சிலவற்றையேனும் தமிழறிந்த ஒருவர் கண்ணால் வாசித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

செய்முறை

இனிச் செய்முறையை வரிசைப்படுத்திக் கூறுவாம்.

முதலாவது, கணக்கெடுத்தல். தளத்தில் எத்தனை பக்கங்கள் உள என்று ஸ்தாபனத்தாரைக் கேட்டால், பெரும்பாலும் அவர்கள் முகப்பில் தெரிவனவற்றையே கூறுவர். அது போதாது. சேவைக் கணினியின் வருகைக் குறிப்பேடு, தேடுபொறிகள் அறிந்துள்ள பக்கங்கள், பிற தளங்கள் நம்மைச் சுட்டும் இணைப்புகள், அச்சிட்ட துண்டுப் பிரசுரங்கள், சுவரொட்டிகள் ஆகிய அனைத்திலிருந்தும் விலாசங்களைத் திரட்டுக. படங்களும் கோப்புகளும் இதில் அடங்கும். எவரும் நினையாத பழைய விண்ணப்பப் படிவம் ஒன்றே நாள்தோறும் மிகுதியாய்த் திறக்கப்படும் பக்கமாயிருத்தலைக் காண்பீர்கள்.

இரண்டாவது, ஒப்புப் பதிவேடு. ஒரு பத்தியில் பழைய விலாசம். எதிரே புதிய விலாசம். ஒவ்வொரு பழைய பக்கத்திற்கும் நான்கு கதிகளுள் ஒன்றே உண்டு: அவ்வாறே நிற்றல், வேறிடம் செல்லல், மற்றொன்றோடு சேர்தல், நீக்கப்படுதல். நீக்குவதாயின் யார் சொல்லி, எக்காரணத்தால் நீக்கப்பட்டது என்பதையும் எழுதுக. இப்பதிவேடு முடியுமுன் புதுக்கோலம் வரையத் தொடங்குதல், கடைக்கால் எடுக்குமுன் சுவருக்கு வெள்ளையடித்தலை ஒக்கும்.

மூன்றாவது, வழிமாற்று. உலாவி ஒரு விலாசத்தைக் கேட்கும்பொழுது, சேவைக் கணினி ஓர் எண்ணோடு விடை கூறும். 301 என்பது ‘நிலையாகப் பெயர்ந்தது, புதிய இடம் இது’ எனப் பொருள்படும். 302 தற்காலிகமாய்ப் பெயர்ந்ததைக் குறிக்கும். 404 ‘காணப்படவில்லை’, 410 ‘நீக்கப்பட்டது’. பெயர் மாற்றத்தில் வேண்டுவது 301. இதனைக் கண்ட தேடுபொறிகள் பழைய பக்கம் பெற்றிருந்த மதிப்பைப் புதியதற்கு மாற்றித் தரும். பழைய விலாசத்தினின்று புதியதற்கு ஒரே அடியிற் செல்லுமாறு அமைத்தல் வேண்டும். ஒருவன் மற்றொருவனைக் காட்ட, அவன் வேறொருவனைக் காட்டும் நீண்ட சங்கிலி ஆகாது.

நான்காவது, ஒத்திகை. புதிய தளத்தை மறைவிடத்தே முழுதும் அமைத்து, பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு பழைய விலாசத்தையும் செலுத்திப் பார்க்க. விலை குறைந்த கைப்பேசியிலும் மெலிந்த இணைப்பிலும் பக்கங்கள் திறக்கின்றனவா, கண்பார்வை இல்லாதார் பயன்படுத்தும் வாசிப்புக் கருவி அவற்றை ஒழுங்காய்ப் படிக்கின்றதா என்பவற்றையும் சோதிக்க. காப்புப் படி எடுத்தால் மட்டும் போதாது. அதனினின்று தளத்தை மீட்டெழுப்பியும் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவது, பெயர்ச்சி நாள். சில நாட்கள் முன்னரே பெயரேட்டின் நினைவுக் காலத்தை நாட்கணக்கினின்று நிமிடக் கணக்கிற்குக் குறைத்து வைத்தால், பிழை நேரின் விரைவில் மீளலாம். ஒத்திகைக் காலத்தில் ‘தேடுபொறிகள் நுழையற்க’ என்று எழுதி வைத்த கட்டளையை அன்று நீக்க மறவற்க. இதனை மறந்து, புதிய தளம் உலகிற்கே தெரியாது கிடந்த கதைகள் பல. ஸ்தாபனத்தின் பெயர் சட்டப்படி மாறிய பின்னரே நன்கொடைச் சீட்டிற் புதிய பெயரை அச்சிடல் வேண்டும். அன்றேல் கொடுத்தவர் வரி விலக்குக் கேட்குமிடத்து இடர்ப்படுவர். கல்வி உதவிக்கும் நன்கொடைக்கும் மக்கள் மிகுதியாய் வரும் மாதங்களில் பெயர்ச்சியை வைத்துக்கொள்ளற்க.

ஆறாவது, காவல். முதல் திங்கள் முழுதும் 404 பெற்றுத் திரும்பியோர் பட்டியலை நாள்தோறும் வாசித்து, விடுபட்டவற்றைப் பதிவேட்டிற் சேர்க்க. பழைய களப்பெயருக்குரிய ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தாது விடற்க. விடப்பட்ட பெயரைச் சூதாட்டக்காரர் வாங்கிக் கொண்டு, தர்மத்தை நம்பி வருவோரைத் தம் கடைக்கு இழுப்பர். பழைய மின்னஞ்சல்களும் புதியவற்றிற்கு வந்து சேருமாறு பல்லாண்டு காத்தல் வேண்டும்.

எம் கைப்பிழை

இவற்றையெல்லாம் நூலினின்று மாத்திரம் கற்றேம் என்று எண்ணற்க. சில ஆண்டுகட்கு முன், தர்ம ஸ்தாபனம் ஒன்று பெயர் மாறியபொழுது அதன் தளத்தைப் பெயர்க்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. கணக்கெடுத்தோம், ஆயிரத்திற்கு மேற்பட்ட பக்கங்கள் இருந்தன. நாட்கள் குறைவாயிருந்தமையின், ஒப்புப் பதிவேட்டை முற்ற எழுதாது, எஞ்சிய பழைய விலாசங்கள் அனைத்தையும் புதிய முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிட்டோம். ஒருவரும் 404 காணவில்லை. பட்டியல் வெறுமையாயிருந்தது கண்டு மகிழ்ந்தோம். விழாவில் எமக்குச் சால்வையும் போர்த்தினர்.

ஏறக்குறைய இரண்டு திங்கள் கழித்து, இரணியலில் தறி நெய்வோர் குடும்பத்து மாணவி ஒருத்தி எம்மைக் கண்டு, “ஐயா, கல்வி உதவி விண்ணப்பத்தை இப்போது நிறுத்திவிட்டார்களா?” என்று கேட்டாள். அவள் கையில் பழைய துண்டுப் பிரசுரம் ஒன்று இருந்தது. அதிலுள்ள விலாசத்தைக் கைப்பேசியில் இட்டபோதெல்லாம் அழகிய முகப்பே தோன்றிற்றாம். விண்ணப்பம் எங்கும் காணவில்லையாம். உதவி நிறுத்தப்படவில்லை. விண்ணப்பம் மூன்று படிகட்கு உள்ளே வேறொரு தலைப்பின்கீழ் இருந்தது. அவள் கேட்ட நாளில் இறுதித் தேதி கடந்து போயிற்று. அவ்வாண்டுக் கட்டணத்தை அவள் தாயார் தம் வளையலை அடகு வைத்தே கட்டினார்.

அம்மாணவி எம்மைக் குறை கூறவில்லை. தான் சரியாய்த் தேடவில்லை என்றே எண்ணியிருந்தாள். அதுவே எம்மை மிகவும் வருத்திற்று. ‘காணவில்லை’ என்று நேரே சொல்லியிருப்பின், அவள் அன்றே எவரையேனும் கேட்டிருப்பாள். பிழையை மறைத்த வழிமாற்று, பிழையினும் கேடு செய்தது. எல்லாரையும் ஒரே வாயிலுக்கு அனுப்புதல் வழிகாட்டல் ஆகாது என்பதை அன்று அறிந்தோம். அதன்பின் அப்பதிவேட்டை மாலைதோறும் அமர்ந்து எழுதி முடித்தோம்.

நிலையாமை

இத்துன்பம் ஓர் ஊரின்கண் மட்டும் உள்ளதன்று. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளத்தை மூடியபொழுது, உலகெங்கும் எளியோர் அமைத்திருந்த பக்கங்கள் எண்ணிறந்தன ஒருங்கே மறைந்தன. அமெரிக்க உச்சநீதிமன்றத்துத் தீர்ப்புகளில் மேற்கோளாய்க் காட்டப்பட்ட இணைய விலாசங்களுள் ஏறக்குறையப் பாதி, சுட்டிய செய்தியை இப்பொழுது காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்ட அறிஞர் கண்டனர். 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 100க்கு 38, பத்தாண்டுகட்குப் பின் திறக்கவில்லை என்று பியூ ஆராய்ச்சி நிலையம் 2024இல் அறிவித்தது. 1996இல் தோன்றிய இணைய ஆவணக் காப்பகம் பழைய பக்கங்கள் பலவற்றின் படிகளைச் சேர்த்து வைத்திருத்தல் ஓர் ஆறுதல். ஆயின் காப்பகத்திலுள்ள விண்ணப்பப் படிவத்தை நிரப்பி உதவி பெறுதல் இயலாது.

உலகளாவிய வலையை அமைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல விலாசங்கள் மாறுவதில்லை என்னும் கருத்தை 1998இலேயே எழுதி வைத்தார். விலாசம் தானே மாறுவதில்லை, மனிதரே அதனை மாற்றுகின்றனர் என்பது அவர் கூறியதன் உட்கருத்து. ஆகவே அதன் பொறுப்பும் மனிதரதே.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! பெயரைச் சூட்டும் உரிமை ஸ்தாபனத்தினுடையது. அஃது எப்பெயரை வேண்டினும் சூட்டிக் கொள்ளட்டும். பழம்பெயர் தன் பணிக்குப் பொருந்தாவிடின் மாற்றிக் கொள்ளுதலே முறை. விலாசமோ, அதனை ஒருமுறை பிறருக்குக் கொடுத்தபின், ஸ்தாபனத்தின் உடைமை மட்டுமன்று. அதனைத் துண்டுத் தாளில் மடித்து வைத்திருக்கும் நெசவாளி மகளுக்கும், மருத்துவமனைச் சுவரிற் பார்த்து எழுதிக் கொண்ட மீனவத் தாய்க்கும் அதில் ஒரு பங்குண்டு.

நாளை உங்களை ஒரு சங்கத்தார் அழைத்து, புதிய சின்னத்தையும் புதிய நிறத்தையும் காட்டி, “எப்பொழுது முடியும்?” என்று வினவுவர். அப்பொழுது நீவிர் முதலிற் கேட்க வேண்டுவது, “உங்கள் பழைய விலாசங்களின் பட்டியல் எங்கே?” என்பதே. அப்பட்டியலை எழுதுதல் சலிப்பூட்டும் வேலை. அதற்கு எவரும் சால்வை போர்த்தார். ஆயினும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே எழுதி வைத்த பெயரறியா எழுத்தர் ஒருவரது பொறுமையினாலன்றோ நம் வீட்டு நிலங்கள் இன்றும் நம்முடையனவாய் இருக்கின்றன?